சங்கிலியின் எடை

ஐயா, உள்ளே வந்த இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு நான்கு கிலோ கூடிவிட்டது. வெளியே இருந்தவரை எழுபத்தொன்றைத் தாண்டியதில்லை. வேலை இல்லை, நடை இல்லை, மணியடித்தால் சாப்பாடு வருகிறது. கூடாமல் என்ன செய்யும்? வரும்போது போட்டிருந்த சட்டை இப்போது வயிற்றுப் பொத்தானில் இழுக்கிறது. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், என் தொழிலில் எடைதான் முதல் விஷயம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் குற்றவாளி என்று சொல்லிவிட்டீர்கள். தண்டனை என்ன என்று அடுத்த வாரம் சொல்வதாகவும், அதற்கு முன் நான் ஏதாவது சொல்ல நினைத்தால் எழுதித் தரலாம் என்றும் சொன்னீர்கள். எழுதுவதே நல்லது. எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. இருபத்திரண்டு வருடம் சிறையில் தூக்குப் போடுகிறவனாக இருந்தேன். அந்த வேலையில் பேசவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

திங்கட்கிழமை முழுக்க இரண்டு வக்கீல்களும் என்னைத் தூக்கில் போட வேண்டுமா கூடாதா என்று வாதாடினார்கள். தொங்கப்போகிறவன் நான் என்பதால் கவனமாகவே கேட்டேன். தூக்கு இருந்தால்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும் என்றார் அரசு வக்கீல். அவர் எந்தக் கொலைகாரனோடும் தனியாக உட்கார்ந்து பேசியதில்லை என்று நினைக்கிறேன். நான் பதினொரு பேரோடு பேசியிருக்கிறேன். கழுத்தளவு எடுக்கும்போது ஒவ்வொருவனிடமும் கேட்பேன், “செய்யறதுக்கு முன்னாடி என்னை நெனச்சியா?” ஒருவனும் நினைத்ததில்லை. ஒருவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப எனக்குச் செம பசிங்க, அதுதான் ஞாபகம் இருக்கு” என்றான்.

என் வக்கீல் சின்ன வயது, நல்ல பிள்ளை. உயிரைக் கொடுக்க முடியாத அரசுக்கு அதை எடுக்க என்ன உரிமை என்று கேட்டார். மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். ஏழைகள்தான் தொங்குகிறார்கள் என்றார். அது வாஸ்தவம். பதினொரு ஜோடிச் செருப்பை நான் எடுத்துவைத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தோல் செருப்பு இல்லை, இரண்டில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. தப்பான ஆளைத் தொங்கவிட்டால் பிறகு இறக்கிவைத்து மன்னிப்புக் கேட்க முடியாது என்றும் சொன்னார். இதில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பறிகொடுத்த குடும்பத்துக்கு ஆறுதல் வேண்டாமா என்று அரசு வக்கீல் கேட்டார் பாருங்கள், அந்த ஒரு கேள்விதான் எனக்கு ஒத்துப்போனது. நான் செய்ததெல்லாம் அந்த ஆறுதலுக்காகத்தான்.

தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனமான ஆளுக்குக் கயிறு குறைவு, லேசான ஆளுக்குக் கயிறு அதிகம். கணக்குச் சரியாக விழுந்தால் கழுத்தெலும்பு ஒரே அடியில் முறிந்துவிடும். பலகை விழும் சத்தம்கூட அவன் காதில் விழாது. கயிறு குறைந்தால் எலும்பு முறியாது. ஆள் முழு நினைவோடு மூச்சுமுட்டித்தான் போய்ச் சேர வேண்டும். எல்லாம் எடையில்தான் இருக்கிறது. அந்த எடையைப் பார்த்துச் சீட்டு எழுதித் தருவது சிறை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் வேலை.

கம்பவுண்டர் என் மனைவியின் தம்பி, நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். காவலர்கள் அவனுக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். யார் சண்டை போட்டாலும் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவான். தூக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் மாமா” என்று சிரித்துக்கொண்டே நழுவுவான். எனக்கு அவனைப் பிடிக்கும். என் வீட்டில்தான் சாப்பாடு, என் சட்டைதான் அவனுக்கு. அவனைக் கொன்றதற்குத்தான் இப்போது இங்கே நிற்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான்காவது ஆளிடம்தான் எல்லாம் தொடங்கியது. ஒரு சின்னப் பெண் குழந்தையைக் கொன்றவன். தூக்குக் கைதிக்குக் கையிலும் காலிலும் இடுப்பிலும் சங்கிலி போட்டிருக்கும். மொத்தம் ஒன்பது கிலோ. எடை பார்க்கும் முன் அதைக் கழற்ற வேண்டும். சாவி முன்வாசல் அலுவலறையில் இருக்கும். அன்றைக்கு என்ன அவசரமோ, மாப்பிள்ளை சங்கிலியோடு நிறுத்தி எடை போட்டுவிட்டு, அதைச் சொல்ல மறந்துவிட்டான். ஒன்பது கிலோ அதிகமாக எழுதிய சீட்டைப் பார்த்து நான் கயிற்றைக் குறைத்தேன். பலகையில் ஏற்றும்போது சங்கிலியைக் கழற்றிவிடுவார்கள், வழக்கம்போல.

விசையை இழுத்தேன். விழுந்த சத்தம் சரியில்லை. எட்டிப் பார்த்தால் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் கட்டிய கைகளைப் பிய்த்துக்கொள்ளப் பார்த்தான். முழங்கால் மார்பு வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. முகமூடித் துணி வாய்க்குள் போய்ப் போய் வந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. கீழே நின்ற டாக்டர் இரண்டு தடவை மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையாட்டினார். கால் வழியாக மூத்திரம் வடிந்து அவர் காலணியில் சொட்டியது. பத்தொன்பது நிமிடம். ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது, செத்த குழந்தையின் அப்பா என்னிடம் வந்தார், தூக்கைப் பார்க்கச் சாட்சியாக நின்றவர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“இப்பதாங்க மனசு ஆறுச்சு. நல்லா பண்ணீங்க.”

ஐயா, அதுவரை என் வேலையை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட என் கையில் கொடுக்க மாட்டார்கள். ஜன்னலில் செருகிவிட்டுப் போவார்கள். இந்த மனிதர் என் கையை விடவே இல்லை. முதல் மூன்று பேரையும் துல்லியமாக அனுப்பியிருந்தேன், ஒரு துடிப்பு இல்லாமல். அவர்களுடைய சாட்சிகள் ஏதோ ஏமாந்தவர்கள் மாதிரித்தான் திரும்பிப்போனார்கள். அன்றைக்குத்தான் எனக்குக் காரணம் விளங்கியது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஜனங்கள் தேடிவருவது இரண்டாவதை. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது முதலாவதை.

மாப்பிள்ளை அன்று மத்தியானமே தன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டான். மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதான். நான்தான் தேற்றினேன்.

“விடு மாப்ள. வேணும்னா பண்ணுன? இனிமே சங்கிலியோடயே எடை போட்டு எழுதிக் குடு. சாவி சாவின்னு முன்வாசலுக்கு அலைஞ்சா அரை மணி நேரம் வீணாப்போகும். ஒன்பது கிலோவ நான் கழிச்சுக்கறேன்.”

“மறந்துற மாட்டீங்களே மாமா?”

“நான் எதையாவது மறந்து பார்த்திருக்கியா?”

அவன் முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு பேர் வந்தார்கள். ஏழு சீட்டிலும் சங்கிலியோடுதான் எடை. மூன்று பேருக்குக் கழித்தேன். நான்கு பேருக்குக் கழிக்கவில்லை.

எப்படித் தீர்மானித்தாய் என்று அரசு வக்கீல் கேட்டார். நீங்கள் தீர்மானிக்கிற மாதிரித்தான் ஐயா. ஆளைப் பார்ப்பேன். நடத்தையைப் பார்ப்பேன். வருத்தப்படுகிறானா என்று பார்ப்பேன். ஒருவன் நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “ரொம்ப நன்றிங்க” என்றான், அவனுக்குக் கழித்தேன். இன்னொருவன் நான் கழுத்தளவு எடுக்கும்போது கொட்டாவி விட்டான், அவனுக்குக் கழிக்கவில்லை. கோர்ட்டில் ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள், கடைசியில் பார்ப்பது என்னவோ முகத்தைத்தான். நானும் பார்த்தேன், அவ்வளவுதான்.

கடைசி ஆள் ஒரு டிரைவர். வேலை பார்த்த வீட்டில் வயதான கணவன் மனைவி இருவரையும் வெட்டிக் கொன்றதாக வழக்கு. மற்றவர்கள் எல்லாம் கடைசி வாரத்தில் என்னிடமாவது ஒத்துக்கொள்வார்கள். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் பண்ணலைங்க” என்பதை மட்டும் ஒரே மாதிரி, சத்தம் போடாமல், மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் ஒடிசலான ஆள், ஐம்பத்தாறு கிலோ. அறுபத்தைந்துக்குக் கயிறு போட்டேன்.

முப்பத்தொரு நிமிடம். அவ்வளவு நேரம் இழுக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. இருபதாவது நிமிடம் நின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு மறுபடியும் கால் தேட ஆரம்பித்தது, கீழே தரை இருக்கிறதா என்று. நாக்கைக் கடித்துத் துண்டாக்கிவிட்டான். துணி முழுக்கச் சிவப்பு. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்துகொண்டான். சாட்சியாக வந்திருந்தது செத்துப்போன கிழவரின் அண்ணன் மகன். முப்பத்தொரு நிமிடமும் இமை கொட்டாமல் பார்த்தார். முடிந்ததும் என் கையைக் குலுக்கி, “நல்லா பண்ணீங்க” என்றார். அதே வார்த்தை.

ஏழு மாதம் கழித்து அந்த அண்ணன் மகன் வேறொரு கொலையில் பிடிபட்டார். அப்போது கிழவரையும் மனைவியையும் வெட்டியது தான்தான் என்றும் ஒத்துக்கொண்டார். அரிவாள் அவர் வீட்டுக் கிணற்றில் கிடைத்தது.

இதைக் கேட்டு நான் வருத்தப்பட்டேனா என்று என் வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். வருத்தப்பட்டேன். ஆனால் டிரைவருக்குத் தூக்கு என்று எழுதியது நான் இல்லையே. மூன்று கோர்ட் எழுதியது. நான் கொஞ்சம் நேரத்தைக் கூட்டினேன், அவ்வளவுதான்.

தப்பான ஆள், அதுவும் முப்பத்தொரு நிமிடம் துடித்தது ஏன் என்று அரசாங்கம் விசாரணைக் கமிஷன் போட்டது. திங்கட்கிழமைக்குள் எடைச் சீட்டுப் புத்தகமும் கயிற்றளவுப் பதிவேடும் வர வேண்டும் என்று உத்தரவு. சீட்டுப் புத்தகம் மாப்பிள்ளையிடம், பதிவேடு என்னிடம். வெள்ளிக்கிழமை காலை என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான், “மாமா, குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒருதடவை ஒப்பிட்டுப் பார்த்துக்கலாமா?” என் மனைவி அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு மத்தியானம் தூக்குக் கொட்டகைக்கு வா, நிதானமாகப் பார்க்கலாம் என்றேன். பதிவேட்டை அப்போதே அவனிடம் கொடுத்தும் விட்டேன்.

இந்த இடத்தில்தான் என் வக்கீலோடு எனக்கு மனத்தாங்கல். நான் ஆத்திரத்தில், என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். திட்டமிடாத கொலை, அதனால் தூக்கு வேண்டாம் என்பது அவர் கட்சி. நான் தப்பிக்க இருக்கிற வழி அது ஒன்றுதான் என்றும் காதில் சொன்னார். ஆனால் அப்படிச் சொன்னால் என் மனைவி என்ன நினைப்பாள்? தம்பியை ஏதோ கையில் கிடைத்ததை வைத்து அடித்துத் துடிக்கத் துடிக்கக் கொன்றேன் என்றல்லவா நினைப்பாள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாதாமாதம் ஆஸ்பத்திரித் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாப்பிள்ளைதான் அதில் ஏறி நிற்பான். அறுபத்திரண்டு கிலோ, பல வருடமாக மாறியதில்லை. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கே கொட்டகையைத் திறந்து, புதுக் கயிறு எடுத்து, அறுபத்திரண்டு கிலோ மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். கயிறு நன்றாக இழுபட்டு நிற்க ஒரு நாளாவது ஆகும். மறுநாள் மூட்டையை அவிழ்த்து, அளந்து, மறுபடியும் அளந்து, கட்டினேன். அவனிடம் சங்கிலி கிடையாது. கழிக்க ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக நான் கயிறு போட்டதில்லை.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு புத்தகத்தையும் விரித்துக் கையில் வைத்திருந்தான். ஏற்கெனவே பார்த்துவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“மாமா, மூணு பேருக்குக் கழிச்சிருக்கீங்க. நாலு பேருக்குக் கழிக்கல. மறந்துட்டீங்களா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான்.

“மறக்கல மாப்ள.”

“டிரைவருக்கு?”

“அவனுக்கும்தான்.”

டிரைவரின் சீட்டில் விரலை வைத்தான். பிறகு, “முப்பத்தோரு நிமிஷம் மாமா. நான் எழுதுன எடைல தப்பில்லன்னு நம்பிக்கிட்டு நின்னேன்” என்றான். அடுத்து, “திங்கக்கெழம கமிஷன்ல சொல்லப்போறேன். உங்க பேரு மட்டும் இல்ல. என் பேரையும் சேர்த்துத்தான்” என்றான்.

வாழ்க்கையில் முதல்தடவையாகத் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கோபப்படவில்லை.

“சொல்லு மாப்ள. சொல்லாம உன்னால இருக்க முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு வேலை. பலகை மறுபடியும் ஒட்டுது, ஒரு நிமிஷம் ஏறி நில்லு.”

மழைக்காலத்தில் பலகை ஊறி ஒட்டிக்கொள்ளும். விசையில் ஓர் இரும்புப் பின் உண்டு. அது செருகியிருந்தால் பலகை விழாது. பின்னைச் செருகிவிட்டு, அவனைப் பலகையில் நிற்கவைத்து அசைத்துப் பார்ப்பது இத்தனை வருடப் பழக்கம். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஏறி, கைதி நிற்க வேண்டிய சுண்ணாம்புக் கோட்டில் நின்றான். கால் தானாகவே கோட்டைத் தேடிப் போனது. நான் பின்னால் போய்ச் சுருக்கைத் தலைவழியாக இறக்கி இறுக்கினேன். விளையாடுகிறேன் என்று நினைத்து, “என்ன மாமா” என்று லேசாகச் சிரித்தான். நான் அவன் காதருகில், எல்லோரிடமும் சொல்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“என்னை மன்னிச்சிடு, நான் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன்.”

பக்கத்தில் நின்று அதைப் பதினொரு தடவை கேட்டவன் அவன். கேட்டதும்தான் புரிந்தது. புத்தகங்கள் கீழே விழுந்தன. கை கழுத்துக்குப் போவதற்குள் நான் விசைக்கு ஓடிவிட்டேன், ஆறே எட்டுத் தூரம்தான். பின்னைப் பிடுங்கி இழுத்தேன். சத்தம் சரியாக வந்தது. ஒரு துடிப்பு இல்லை. கண்ணாடி மட்டும் மேலே பலகை விளிம்பில் உடையாமல் கிடந்தது.

யார் உத்தரவு என்று அரசு வக்கீல் கேட்டார். நல்ல கேள்விதான். பதினொரு தடவை சொன்ன வாய், பன்னிரண்டாவது தடவையும் சொல்லிவிட்டது.

அவன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனசு ஆறிப் போன குடும்பங்களிடம் போய், உங்களுக்குக் கிடைத்தது கணக்குப் பிழை என்று சொல்வார்கள். அந்தக் குழந்தையின் அப்பா என்ன செய்வார்? நான் எனக்காகச் செய்யவில்லை ஐயா.

பிறகு ஒரு பொய் சொன்னேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். தப்பாக எடை எழுதியதை நினைத்து மனம் வெறுத்து, மாப்பிள்ளை தானே தூக்கில் தொங்கிவிட்டான் என்றேன். பதினொரு நாள் எல்லோரும் நம்பினார்கள். என் மனைவியும் நம்பினாள். “ஒரு வார்த்தை நம்மகிட்ட சொல்லியிருக்கலாமே” என்று அழுதுகொண்டே எனக்குச் சோறு போட்டாள், நானும் சாப்பிட்டேன். உடலை இறக்கிய அன்றே பூட்டி முத்திரை வைத்த கொட்டகையைக் கமிஷன் ஆட்கள் திறந்து பார்த்தபோது விசையில் பின் செருகியிருந்தது. வேலை முடிந்ததும் பின்னைத் துடைத்து மறுபடியும் செருகுவது என் வழக்கம். அன்றும் செருகியிருக்கிறேன். தொங்கிய ஆள் இறங்கி வந்து பின்னைச் செருகியிருக்க முடியாது. பழக்க தோஷம், யாரை நோவது?

கடைசியாக என் மனைவி விஷயம். செத்தவனுக்கு அக்கா, குற்றவாளிக்குப் பெண்டாட்டி. அதனால் தண்டனையைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று திங்கட்கிழமை மாலை நீங்களே கேட்டீர்கள். அவள் கூண்டில் ஏறி, என்னைப் பார்க்காமல், உங்களைப் பார்த்துச் சொன்னாள்.

“தூக்கு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுங்க. என் தம்பி இருந்தா வேண்டாம்னுதான் சொல்லுவான். ஆனா நீங்க போடறதுன்னு முடிவு பண்ணிட்டா, இவர எடை போடறப்ப சங்கிலியக் கழட்ட வேண்டாம். அப்புறம் யாரும் கழிக்கவும் வேண்டாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கோர்ட்டில் எழுதுகிறவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கோபத்தில் பேசுகிறாள். அவளுக்குத் தொழில் தெரியாது. அவள் தம்பிக்கு நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்பதும் தெரியாது. அதைத் தெரிவிக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். சாவுக்கு நான் பயப்படுகிறவன் இல்லை. நான் பார்த்த தூக்கு வேலைக்கு வேறு சிறையிலிருந்து ஒருவன் வந்திருக்கிறானாம். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் கயிறு போடுவானாம், ஒன்றும் கேட்க மாட்டானாம். இந்த நான்கு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. காரணம் புழுக்கமாகத்தான் இருக்க வேண்டும். கண்ணை மூடினால் அந்த டிரைவரின் கால் தெரிகிறது, தரையைத் தேடிக்கொண்டு.

தூக்கா ஆயுளா என்பது உங்கள் விருப்பம் ஐயா; நான் எதையும் கெஞ்சிக் கேட்கவில்லை. தூக்கு என்றால், ஆணையில் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். இன்றைக்கு என் எடை எழுபத்தைந்து. எண்பத்து நான்கு என்று யாராவது எழுதிவிடக் கூடாது. எடை பார்க்கும் முன் சங்கிலியைக் கழற்றச் சொல்லுங்கள். சாவி முன்வாசல் அலுவலறையில் மூன்றாவது ஆணியில் தொங்கும். போய் எடுத்துவர நான்கு நிமிடம்தான் ஆகும். நானே பலதடவை நடந்து பார்த்திருக்கிறேன்.